ஆட்காட்டி எழுந்திருக்கக் கூடாது

மார்ச் 2, ஞாயிறு

நேற்று தொண்டையில் ஆபரேஷன். குரல்நாணில் மிளகு அளவு ஒரு கட்டி. "பயப்படற கட்டி இல்ல டீச்சர், கத்திக் கத்தி வந்த கட்டி" என்றார் டாக்டர். எடுத்தாகிவிட்டது. இனி மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, கனைக்கவும் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்டினேன். "மீறினா காலம் பூரா இப்படியே எழுதிக் காட்டலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரிப்புக்குத் தனியாக ஃபீஸ் வாங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பெயர் பிரமநாயகி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருடமாக பி.டி. டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில்நாயகி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மைதானத்தில் "அட்டென்ஷன்" என்றால் எதிர்த் தெருவில் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார். அப்படிப்பட்டவள் இப்போது ஒரு சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பேச வழியில்லாததால் இந்த டைரி. ஆண்டுவிழாவுக்கு யாரோ கொடுத்தது. எங்காவது கொட்டாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும்.

மார்ச் 3, திங்கள்

டாக்டர் பேசக் கூடாது என்றுதான் சொன்னார். விசில் ஊதக் கூடாது என்று சொல்லவில்லை.

ஒரு ஊதல் என்றால் காபி. இரண்டு என்றால் போன் அடிக்கிறது. மூன்று என்றால் உடனே வா. மகன் நம்பிராஜன் தலையில் அடித்துக்கொண்டான். மருமகள் சொர்ணலதா நல்ல பிள்ளை, முதல் ஊதலுக்கே அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிற்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்துகிற கை என்பதாலோ என்னவோ, எதையும் மெதுவாகத்தான் செய்வாள்.

மார்ச் 5, புதன்

விடியுமுன்னே முழிப்புத் தட்டிவிடுகிறது. பள்ளிக்கும் லீவு. இன்று வாசலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன சொர்ணாவைப் பார்த்தேன். கழுத்தில் பைனாகுலர். எங்கே என்று சிலேட்டில் கேட்டேன்.

"ஆவுடையாள்குளத்துக்கு அத்த. பறவ பாக்க. வாரத்துல மூணு நாள் போவேன்லா."

எப்போதிருந்து?

"கல்யாணம் ஆகி ரெண்டாம் மாசத்துலருந்து."

இரண்டு வருடமாக இவள் வாக்கிங் போகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று எழுதிக் காட்டினேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. மரியாதைக்கார வீட்டுப் பிள்ளை, "வாங்கத்த" என்றாள்.

மார்ச் 8, சனி

ரோஜா வண்ணச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். "அத்த, வேற ஏதாவது மங்கலா இருக்குமா?" என்றாள். என் பீரோவில் மங்கலாக ஒன்றும் கிடையாது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் டீச்சர் எங்கே நிற்கிறாள் என்று தெரிய வேண்டும், அதற்குத் தகுந்த சேலைகள்தான் எல்லாம். கடைசியில் அவளுடைய பழைய சாம்பல் நிறத் துப்பட்டாவை மேலே போர்த்திக்கொண்டு போனேன்.

குளம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் கரை ஏறிப் பார்த்ததில்லை. மழைக்கு நிறைந்த தண்ணீர் பாதி வற்றி, நடுவில் கருவேல மரங்கள் முட்டளவு தண்ணீரில் நிற்கின்றன. மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரைகள். ஒவ்வொன்றும் அலகைத் தட்டுகிற சத்தம், பரீட்சை ஹாலில் நூறு பிள்ளைகள் ஸ்கேலைத் தட்டுவது போல. வடக்கேயிருந்து வந்த வரித்தலை வாத்துகள் திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றாள் சொர்ணா. இமயமலைக்கு மேலேயே பறந்து போகுமாம். நான் பாபநாசம் மலை ஏறியதற்கே ஒரு வாரம் கால் வலித்தது.

பிறகு ஒன்று காட்டினாள். குளத்தின் மேட்டுப் பக்கம், சரளைக்கல் பரந்த வெறும் தரையில், ஒரு ஆட்காட்டி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. கூடு என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் குழி, சுற்றிலும் ஆட்டுப்புழுக்கை, நடுவில் கல்லோடு கல்லாக நான்கு முட்டை. பைனாகுலரில் பார்த்தும் எனக்கு முட்டை எது கல் எது என்று தெரியவில்லை. ஆட்காட்டி தெரியாதா எனக்கு? ஆள் வந்தால் கத்தி ஊரையே கூட்டுகிற பறவை. என் இனம்.

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமே என்று நடந்தேன். பறவை சட்டென்று எழுந்து நின்றது. சொர்ணா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இதுவரை அவள் என்னைத் தொட்டு இழுத்ததில்லை.

"அது எந்திரிச்சிட்டுன்னா நாம ரொம்பக் கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம் அத்த. நாம வந்ததுனால அது செஞ்சிட்டிருக்கத நிப்பாட்டக் கூடாது. அது பாட்டுக்கு அது இருக்கணும், நாம பாட்டுக்கு நாம பாக்கணும். அவ்வளவுதான்."

பறவை மறுபடி உட்காரும் வரை பின்னால் பின்னால் வந்தோம். அங்கே நின்ற ஒரு முள் உடைமரத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அது வயிற்றுச் சிறகை விரித்து முட்டை மேல் அமர்ந்தது. வேடிக்கைதான். நான் மைதானத்துக்குள் காலை வைத்தால் நானூறு பிள்ளைகள் எழுந்து நிற்கும். அதில் எனக்குப் பெருமை. இங்கே ஒரு பறவை எழுந்து நிற்கக் கூடாதாம்.

சொர்ணா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது இதுவே முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இன்றும் போனோம். சொர்ணா நாரைகளைப் பார்க்கக் கரையோடு தள்ளிப் போயிருந்தாள். நான் உடைமரத்தடியில் ஆட்காட்டிக்குக் காவல். மேற்கேயிருந்து ஒரு நாய், முகர்ந்து முகர்ந்து, நேராக அந்த முட்டைகளைப் பார்த்து வருகிறது. சொர்ணாவைக் கூப்பிட வாய் இல்லை. கை தானாகக் கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போனது. முழு மூச்சையும் கூட்டி ஊதிவிட்டேன்.

நாய் ஓடிவிட்டது. நாய் மட்டுமா? குளமே எழுந்துவிட்டது. வாத்துகள், கொக்குகள், நாரைகள், வானம் கறுத்துப் போகிற அளவுக்கு எல்லாம் மேலே. ஆணும் பெட்டையுமாக இரண்டு ஆட்காட்டிகளும் கத்திக்கொண்டே நாயைத் துரத்திப் போயின. அந்த நேரத்தில் ஒரு காக்கா, அவசரமே இல்லாமல், சரளைக்கல்லில் வந்து இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஓடிப்போய் விரட்டப் பார்த்தேன். அதற்குள் சொர்ணா வந்து மறித்தாள்.

"போகாதீங்க அத்த. நாம அங்கன நின்னா அது திரும்பி வந்து உக்காராது. வெயில் ஏறுது, மிச்சத்துக்கும் ஆபத்து. வாங்க, போயிருவோம்."

அவ்வளவுதான் சொன்னாள். வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நானாக இருந்தால் அந்த இடத்தில் பத்து சுற்று ஓடவிட்டிருப்பேன்.

மார்ச் 10, திங்கள்

விசிலைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். காபி வேண்டுமென்றால் நானே எழுந்து போகிறேன். முட்டி ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பேசாமல் இருப்பவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். பால்காரர் என்னிடம் கையை ஆட்டி ஆட்டிச் சைகையில் பேசுகிறார். பக்கத்து வீட்டில் என் முன்னாலேயே என் வயதைப் பற்றிப் பந்தயம் கட்டுகிறார்கள்.

இன்று சாயங்காலம் நான் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நம்பி அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டிருந்தான். வீடு வாடகைக்கு விடுகிற யாரோ வீட்டுக்காரர்.

"ஆமா சார், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள மாடிதான், எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சித்திர பொறந்ததும் பால் காச்சிருவோம். அம்மாட்ட இன்னும் சொல்லல. இல்ல சார், சொர்ணாதான் இப்ப வேண்டாம்னுட்டா. அம்மாவால பதில் பேச முடியாத நேரத்துல சொன்னா அது நியாயமில்லங்கா. அவங்களுக்குப் பேச்சு வரட்டும், வந்ததும் ஒக்காந்து சொல்லுதோம்."

நான் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தேன். குழம்புக்கு நாலு பல் போதும். ஒரு கிண்ணம் உரித்துவிட்டேன்.

இவனுக்குப் பதினோரு வயதில் அப்பா போனார். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் அம்மா, அப்பா, வாட்ச்மேன் எல்லாம். தனியாகப் போகிறார்களாம். ஒரே ஊருக்குள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போவதற்கு இவ்வளவு ரகசியம்.

மார்ச் 15, சனி

குளத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சிலேட்டில் எழுதினேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் தலைவலி. அவள் மட்டும் போய்விட்டு வந்து, "மூணு முட்டையும் இருக்கு அத்த" என்று வாசல் நிலையில் நின்று சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காபி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். முன்பெல்லாம் நான் போவதற்கு முன்னால் என் சத்தம் போய்விடும். "உப்புப் போட்டாச்சா? காஸை சிம்ல வை" என்று கூடத்திலிருந்தே ஆரம்பித்துவிடுவேன். இப்போது சத்தமில்லாமல் போனதால் அவளுக்குத் தெரியவில்லை. தோசை ஊற்றிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். ஒரு காலில் நின்று மறுகாலால் தாளம் வேறு. இந்த வீட்டில் இப்படி ஒரு பாட்டுச் சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது.

என் நிழல் விழுந்திருக்க வேண்டும். திரும்பினாள். பாட்டு நின்றது. கால் தரைக்கு வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, "என்னத்த வேணும்?" என்றாள்.

எழுந்து நின்றுவிட்டாள்.

நான் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் வந்தேன். ஸ்டோர் ரூம் கதவு வரை வந்தேன். சத்தமில்லை. கூடம் வரை வந்தேன். ஊஞ்சலையும் தாண்டி வாசல் பக்கம் வந்து நின்ற பிறகுதான் மறுபடி அந்தப் பாட்டு கேட்டது. காபி குடிக்காமலே அங்கே நின்று முழுதும் கேட்டேன்.

கண்ணில் தண்ணீர் வந்தது. வாசல் புளியமரத் தூசி.

மார்ச் 19, புதன்

விடியற்காலம் நானே சாம்பல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். "தலைவலி போயிட்டா அத்த?" என்றாள். போயிட்டு என்று தலையசைத்தேன்.

உடைமரத்தடியில் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் செய்யாமல் உட்காருவதற்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. முதலில் கால் துறுதுறுத்தது. பிறகு அடங்கியது. வெயில் ஏறியதும் ஆண் ஆட்காட்டி தண்ணீருக்குப் போய், வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டை மேல் உட்கார்ந்தது. சூடு தணிக்கிறதாம். பிறகு பெட்டை போய் நனைத்துக்கொண்டு வந்தது. இப்படி மாற்றி மாற்றி. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் ஊதவில்லை.

மீன்கொத்தி ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே கல்லில் வந்து உட்கார்ந்து மீனைத் தட்டித் தின்றது. நாங்கள் இருப்பதை அது சட்டை செய்யவே இல்லை. என்னை ஒருவர் சட்டை செய்யாமல் இருந்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. ஐம்பத்தாறு வயதில் இந்தக் காலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது. தொண்டைக் கட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சொர்ணா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு டம்ளர் கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நான் வராதபோதும் இரண்டுதான் கொண்டு வந்தாளாம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒரு கூத்து.

குளத்துக்குப் போனால் மேட்டுப் பக்கம் ஒரு வேன். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, போட்டோ எடுக்க வந்திருக்கிறது. மாப்பிள்ளை கோட் சூட்டில், பெண் தரையில் புரளும் நீல கவுனில். நாலைந்து பையன்கள், கலர் புகை டப்பா, குடை, ஏணி. போட்டோக்காரர் ஆட்காட்டி உட்கார்ந்திருக்கிற சரளைக்கல் பக்கமாகவே ஜோடியை நடக்கச் சொல்கிறார். அங்கே ஒரு பறவை இருப்பது அவருக்குத் தெரியாது. நாரைகள் பின்னால் பறந்தால் படம் அமோகமாக வருமாம். "டேய், கல்ல எடுத்து மரத்துல எறி, கைய தட்டு, எல்லாம் ஒண்ணாப் பறக்கணும்" என்று ஒருவனைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்புகிறார். மரத்தில் குஞ்சுகள் இருக்கின்றன. பாதிக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

ஆட்காட்டி எழுந்துவிட்டது.

எனக்குள்ளே எல்லாம் தயாராகிவிட்டது. நெஞ்சு விரிந்து, மூச்சு ஏறி, தொண்டை வரை வந்துவிட்டது. "டேய்" என்று ஒன்று விட்டிருந்தால் வேனோடு ஓடியிருப்பார்கள். சொர்ணா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாம் அத்த. ஒங்க தொண்ட. அதுவும் போவ, சத்தம் கேட்டா எல்லாம் பறந்துரும். நீங்க இருங்க, நான் போறேன்."

இவளா என்று நினைத்தேன். கீரைக்காரியிடம் காய்ந்த கீரையைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவள். அவள் ஓடவில்லை. சாதாரணமாக நடந்து போய், கல்லோடு நின்றவன் முன்னால் நின்றாள். சத்தமே இல்லாத குரலில், ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்.

"தம்பி, கல்லக் கீழ போடு. போட்டாச்சா? கைய விரிச்சுக் காட்டு. ம். இப்ப அப்படியே திரும்பி, அந்தப் பனமரம் வர நடந்து போயி வரிசையா நில்லுங்க எல்லாரும். யாரும் ஓடக் கூடாது. பேசக் கூடாது. புகை டப்பா எங்க? அத எங்கிட்டக் குடு."

கொடுத்துவிட்டான்! கோட் சூட்டுக்காரரும் போய் வரிசையில் நின்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அத்தனையும் என் வார்த்தை. அந்த "ம்" கூட என்னுடையது. மைதானத்தில் நான் பேசுவதை இவள் எப்போது கேட்டாள்? பிறகு தோன்றியது, வீட்டிலும் நான் அப்படித்தானே பேசுகிறேன்.

அதற்குப் பிறகு செய்தது மட்டும் என்னுடையது இல்லை. எனக்கு அது வராது. மணப்பெண்ணைப் பனைமரத்துப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய், தன் பைனாகுலரை அவள் கண்ணில் வைத்து, "கொஞ்ச நேரம் ஆடாம பாரும்மா, அது திரும்பி வந்து ஒக்காரும்" என்றாள். எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். ஆட்காட்டி நாலைந்து தடவை சுற்றிப் பார்த்தது. இறங்கியது. நடந்தது. நின்றது. மெல்லக் காலை மடக்கி உட்கார்ந்தது.

"ஏ, ஒக்காந்துட்டு!" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போட்டோக்காரரிடம் திரும்பி, "அண்ணா, நாம இந்தப் பக்கம் பனமரத்த வச்சே எடுப்போம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். எடுத்துக்கொண்டு போனார்கள். நன்றாக இருக்கட்டும் அந்தப் பிள்ளைகள்.

சொர்ணா திரும்பி வந்தாள். என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் அழுகையாகவும் இருந்தது.

"ஒங்கள மாதிரியே பேசிட்டேன் அத்த. தப்பா நெனைக்காதீங்க. ஒங்க குரலக் கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கும். இன்னைக்குன்னு பாத்து வேற எதுவும் வாயில வரல."

சிலேட்டு பையில்தான் இருந்தது. எடுத்து எழுதத் தெரியவில்லை. அவள் கைகளை என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

டாக்டரிடம் காட்டினோம். ஆறி வருகிறது, ஆனால் கொஞ்சம் வீக்கம் இருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். நம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்படியொன்றும் வருத்தமில்லை. "டீச்சர் சந்தோஷமா இருக்காங்க போலயே" என்று டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார்.

பேச்சு வந்ததும் உட்கார்ந்து சொல்வதாகச் சொன்னார்கள் அல்லவா? ஒரு வாரம் போகட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

குஞ்சு பொரித்துவிட்டது. மூன்றும். பஞ்சில் கால் முளைத்த மாதிரி ஓடித் திரிகின்றன. அம்மா ஒரு குரல் கொடுத்தால் அங்கங்கே படுத்துக் கல்லாகிவிடுகின்றன.

வீட்டுக்குக் கிளம்பும்போது குழி காலி. பொரித்த அன்றே நடந்து போய்விடுமாம், இதுகளின் வழக்கம் அது. தாயும் தகப்பனும் முன்னும் பின்னுமாகப் போகின்றன. ஒரு குஞ்சு ஒரு பக்கம், இன்னொன்று இன்னொரு பக்கம். யாரும் யாரையும் இழுத்துப் பிடிக்கவில்லை.

நான்கு இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பேசலாம்" என்றார். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், அதுவும் தணிந்த குரலில். கத்துவது இந்தப் பிறவியில் கிடையாது. பள்ளியில் தலைமை ஆசிரியை கழுத்தில் மாட்டுகிற மைக் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம். டாக்டர் ஏதாவது சொல்லிப் பாருங்கள் என்றார். நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். கிடைப்பதே கொஞ்சம், அதை டாக்டரிடம் ஏன் செலவழிக்க வேண்டும்?

சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். நம்பி போனை எடுத்து ரெக்கார்ட் போட்டான். பிடித்த சாமி பெயரைச் சொல்லும்மா என்றான். சொர்ணா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. சொல்லப் போகிறார்கள். எனக்கு முன்னால் அவர்களை அந்தக் கஷ்டத்தில் விடக் கூடாது.

"அந்த மாடி வீட்டுல தண்ணி வசதி எப்படி?" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. கரகரப்பாக, சின்னதாக. நம்பி கையிலிருந்து போன் விழுந்தது. சொர்ணா விருட்டென்று எழுந்தாள்.

"ஒக்காரு தாயி. எனக்காக எந்திரிக்காத."

"அத்த, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஆபரேஷன் தொண்டயிலதான். காதுல இல்ல."

நம்பி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தான். இடம் போதவில்லை, ஆபீஸ் பக்கம், அது இது. அவனைக் கையமர்த்தினேன். எனக்குக் கிடைத்ததே கொஞ்ச நேரம். சொர்ணா பக்கம் திரும்பினேன்.

"மொதல்ல கோவம்தான் வந்துச்சு, பொய் சொல்லல. பொறவு யோசிச்சேன். எதுத்துப் பேச முடியாதவட்ட சொல்லக் கூடாது, அது நியாயமில்லன்னு சொன்னியாம்லா. இந்த வீட்டுல ரெண்டு வருசம் என்ட்ட ஒரு வார்த்த எதுத்துப் பேச முடியாம நீ இருந்திருக்க. நான் அதப் பத்தி யோசிக்கவே இல்ல. நீ எனக்காக யோசிச்சிருக்க. ரொம்ப நன்றி தாயி. போங்க, ரெண்டு பேரும் சந்தோஷமாப் போங்க. அங்க போயி அடுப்படியில நல்லா வாய்விட்டுப் பாடு."

சொர்ணா உட்கார்ந்தபடியே அழுதாள். பாட்டு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்பியும் அழுதான், எருமை மாடு. நான் அழவில்லை. தொண்டைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். மூன்று பேரும் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டு வந்தோம். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. கொடுத்ததற்கெல்லாம் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். வெளிச்சமான வீடு, தண்ணீருக்கும் குறைவில்லை. பரணில் எதை வைப்பது, அண்டாவை எங்கே கவிழ்ப்பது என்று நாக்கு நுனி வரை பத்து யோசனை வந்தது. பாயசத்தைக் குடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சொர்ணா அண்டாவைத் தப்பான இடத்தில்தான் வைத்தாள். அவள் வீடு, அவள் அண்டா.

நம்பி என்னைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். கூடத்தில் விளக்கைப் போட்டேன். அடுப்படியிலும் போட்டேன். வீடு பெரிதாக இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

ஒருத்திக்கு எவ்வளவு உளுந்து ஊறப்போடுவது என்று தெரியவில்லை. கை பழைய அளவையே போட்டுவிட்டது.

போனை எடுத்து எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் வருவார்கள், இரண்டு பேரும் உடனே வந்து நிற்பார்கள். அதனால்தான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

விடியுமுன்னே வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம். ஹாரன் அடிக்கவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சொர்ணா வண்டியில் சாய்ந்து, கழுத்தில் பைனாகுலரோடு, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். பாட்டை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான், "போவமா அத்த?" என்றாள்.

நான் கூப்பிடவில்லை. தானாக வந்திருந்தாள்.